நாலு நாளைக்கு ஒரு முகவரி

பிரிட்டன் விசா விண்ணப்பத்தில், அந்த நாட்டில் எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டு மூன்று கோடுகள் விட்டிருந்தார்கள். மற்ற கட்டங்களையெல்லாம் ஒரே மாலையில் நிரப்பிவிட்டேன். அந்த மூன்று கோடுகள் மட்டும் ஐந்து வாரம் இழுத்தன. பென்சிலால் எழுதுவேன், மறுநாள் அழிப்பேன். நாலாவது வாரத்தில் அந்த இடத்தில் தாள் தேய்ந்து, பின்பக்கத்து எழுத்து தெரிய ஆரம்பித்தது. என் கணவர் அலுவலகத்தில் இன்னொரு படிவம் அச்செடுத்து வந்து தந்தார்.

"இதுலயாவது நேரா பேனாவுல எழுது," என்றார்.

அப்போது நாங்கள் ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் இருந்தோம். அவருடைய சென்னை நிறுவனம் மூன்று வருடத்துக்கு அவரை அங்கே அனுப்பியிருந்தது. நான் கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, இரண்டு வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, அவரோடு வந்தவள். மகளுக்கு இரண்டரை வயது. எங்களிடம் இருந்த ஜெர்மன் அனுமதி பாரிசுக்கும் ரோமுக்கும் செல்லும்; கடலைத் தாண்டிப் பிரிட்டனுக்குச் செல்லாது. அதற்குத் தனி விசா, தனிப் படிவம். ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கத்தோலிக்கத் திருநாள் வரும். எங்கள் பக்கத்தில் அன்று விடுமுறை. வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு எடுத்தால் ஞாயிறு வரை நாலு நாள். அந்த நாலு நாளில் பறவை பார்க்கப் போவது என்று நான்தான் கேட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நானாகக் கேட்ட முதல் பயணம் அது. அதனாலேயே தப்பான இடத்தைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்ற பயமும் இருந்தது.

ஆனால் உண்மையான பயம் வேறு. அதைச் சொல்ல, அதற்கு முந்தைய நவம்பருக்குப் போக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மதியம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த இலங்கைத் தமிழர் கடையில் கறிவேப்பிலைக்காக நின்றுகொண்டிருந்தேன். மகளுக்கு லேசான சளி. தள்ளுவண்டியில் உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் விழுந்த சத்தம் கேட்டுக் குனிந்தேன். அவள் கண்கள் மேலே போயிருந்தன. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. பிறகு என்ன நினைத்தேனோ, பல்லுக்கு நடுவே விரலை வைக்கப் போனேன்.

"வாய்க்குள்ள ஒண்டும் வைக்காதேங்கோ," என்று கடைக்கார அக்கா கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்தார். முன்பு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவர். ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தரையில் மிதித்துப் பரப்பி, மகளை அதன்மேல் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். உள்ளே இருந்த தன் கணவருக்கு ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லிக் குரல் கொடுத்தார். "நீங்கள் நேரத்தைப் பாருங்கோ. எத்தினை நிமிசம் எண்டு அவையள் கேப்பினம். அழுறதைப் பிறகு அழலாம்."

மூன்று நிமிடம். அதற்குப் பிறகு அவள் உடல் தளர்ந்து, தூங்குவது போல் மூச்சு விட்டாள்.

மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். காய்ச்சல் வேகமாக ஏறும்போது சில குழந்தைகளுக்கு வரும் வலிப்பு இது, மூளைக்குப் பாதிப்பு இல்லை, பள்ளிக்கூடம் போகும் வயதில் தானாக நின்றுவிடும், அதற்குள் மறுபடி வரலாம், வராமலும் போகலாம் என்று குழந்தை மருத்துவர் நிதானமாகச் சொன்னார். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆசனவாயில் செலுத்த ஒரு மருந்துக் குழாய் எழுதித் தந்தார். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அன்றிலிருந்து அது இல்லாமல் நான் குப்பை கொட்டக்கூடக் கீழே இறங்கியதில்லை.

அந்த இரண்டு நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது வார்டுச் சுவரில் இருந்த ஒரு படத்தை. மகளின் தலைமாட்டில் இருந்த கருவியைப் பார்க்கத் தைரியம் இல்லாததால் அதைப் பார்த்தேன். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, ஆரஞ்சு நிறத்தில் பட்டை பட்டையாக ஒரு பெரிய அலகு. அதில் குறுக்காக அடுக்கி வைத்தது போல் வெள்ளி நிற மீன்கள். ஒரு மீனைக்கூட நழுவவிடாமல் எப்படி அடுத்த மீனைப் பிடித்தது என்று யோசித்தேன். பஃபின் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள் எனப் பிறகு தெரிந்தது. எனக்குப் பறவை பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. மகள் பிறந்த முதல் குளிர்காலத்தில், வண்டியை நகர்த்தினால்தான் தூங்குவாள் என்பதால் ரைன் நதிக்கரைப் புல்வெளிகளில் மணிக்கணக்காக நடந்தேன். பழைய பொருள் சந்தையில் கணவர் வாங்கிய பைனாகுலர் ஒன்று வீட்டில் சும்மா இருந்தது. அப்படித்தான் தொடங்கியது.

நவம்பருக்குப் பிறகு ரைன் கரை நின்றுபோனது. மருத்துவமனையை நடுவில் வைத்து, டிராமில் இருபது நிமிடத்தில் வந்து சேரக்கூடிய தூரத்துக்கு மனதுக்குள் ஒரு வட்டம் வரைந்துகொண்டேன். ரைன் அந்த வட்டத்துக்கு வெளியே. அரண்மனைத் தோட்டம் உள்ளே. நாலு மாதம் அதே குளம், அதே வாத்து. ஒருநாள் மகள், தோட்டத்தின் வாசலிலேயே நின்றுகொண்டு, "வேற," என்றாள். எனக்கு அது உறைத்தது. இப்படியே போனால் இவளை நான் ஒரு தெருவுக்குள் வளர்த்துவிடுவேன் என்று தோன்றியது. பிரிட்டன் பயணத்தைக் கேட்டது அதன்பிறகுதான்.

வலிப்பைப் பற்றி ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் என் மாமியாரிடம் பேசும்போது என் கணவர், "காய்ச்சல்மா, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க, இப்ப சரியாயிட்டு," என்று முடித்துக்கொண்டார். பொய் இல்லை, பாதிதான் உண்மை. அத்தை நல்லவர். ஆனால் மனசு கேட்காமல் தன் அக்காவிடம் சொல்வார். அக்கா கோவிலுக்கு நேர்ந்துகொள்வார். எதற்கு நேர்த்தி என்று யாராவது கேட்பார்கள். "அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வருமாம்" என்ற ஒரு வரி, இன்னும் பால் பாட்டில் விடாத என் மகளுக்கு முன்னால் இருபது வருடம் ஓடிப்போய், அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களின் வீட்டில் உட்கார்ந்துகொள்ளும். படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும் இதைப் பேசி முடிவெடுத்தோம் என்பதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் எடுத்தோம்.

கடைக்கார அக்காவுக்கு மட்டும் தெரியும். கடைக்குப் போகும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி, "பிறகு வந்ததோ?" என்பார். பயணத்தைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார்.

"லண்டனுக்குப் போறனெண்டால் சீலை எடுக்கப் போவினம், கோயிலுக்குப் போவினம். பறவை பார்க்கவோ?"

"லண்டனுக்கு இல்லக்கா. வடக்கே, கடற்கரைக்கு."

"பிள்ளையைக் கொண்டோ?"

"அதுதான் யோசனையா இருக்கு."

"என்ன யோசனை. குழாயைக் கொண்டு போங்கோ, பைனாகுலரைக் கொண்டு போங்கோ. ரெண்டையும் மாத்தி எடுத்திடாதேங்கோ."

இடம் தேடத் தொடங்கினேன். "ஹெல்கோலாண்டுக்குப் போவோமே. இதே நாடு, விசா வேண்டாம், பாறை இருக்கு, பறவை இருக்கு," என்றார் கணவர். நியாயமான யோசனைதான். ஆனால் அந்தத் தீவில் பஃபின் கூடு கட்டுவதில்லை, எப்போதோ அற்றுப்போய்விட்டது. வேல்ஸில் ஒரு தீவில் ஆயிரக்கணக்கில் உண்டு, காலடியிலேயே நடக்குமாம். ஆனால் படகில் போக வேண்டும், காற்று அடித்தால் படகு கிடையாது, போய்விட்டால் அந்தப் படகு வந்துதான் திரும்ப முடியும், தீவில் மருத்துவர் இல்லை. அடித்துவிட்டேன். இங்கிலாந்தின் வடகிழக்கு ஓரத்தில் சில தீவுகள்; அங்கும் படகு. அடித்துவிட்டேன். கடைசியில் யார்க்‌ஷர் கரையில் பெம்டன் என்று ஒரு கிராமம் கிடைத்தது. பறவைகள் தீவில் இல்லை, நிலத்தின் விளிம்பிலேயே, செங்குத்தான சுண்ணாம்புப் பாறையில். ஊருக்கே ரயில் நிலையம் உண்டு. பக்கத்து ஊரில் சின்ன மருத்துவமனை. எல்லாம் பொருந்தியது என்று நினைத்த அடுத்த நிமிடம், பாறையின் உயரம் நூறு மீட்டர் என்று படித்தேன். இரண்டரை வயதுக் குழந்தையோடு நூறு மீட்டர் பாறை விளிம்புக்கா போவது? பென்சிலை எடுத்து அழித்தேன். வேலி போட்டிருக்கிறார்கள் என்று மறுநாள் தெரிந்தது. மறுபடி எழுதினேன்.

அந்தக் கிராமத்தில் அறை வாடகைக்கு விடும் ஒரு பெண்மணிக்குப் போன் செய்தேன். கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். மருத்துவமனை எத்தனை நிமிடம், இரவில் திறந்திருக்குமா, ஆம்புலன்ஸ் உங்கள் வாசல் வரை வருமா, உங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா. அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, தப்பாக நினைக்கக் கூடாது, உங்களுக்குப் பிரசவ நேரமா என்று கேட்டார். இல்லை, பறவை பார்க்க வருகிறோம் என்றேன். பறவைகளைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் தெரிந்தது.

இதற்கிடையில் செய்தி பாளையங்கோட்டை வழியாக நார்ஃபோக் போய்ச் சேர்ந்துவிட்டது. என் கணவருடைய பெரியம்மா மகள் அங்கே மருத்துவர். எனக்கு மதினி முறை. பதினாறு வருடமாக இங்கிலாந்தில் இருந்தும், போனை எடுத்தால் திருநெல்வேலி ஜங்ஷனில் நிற்பது போலத்தான் பேசுவார்.

"என்ன பிள்ள, இங்கிலாந்துக்கு வாரீகளாம். எனக்குப் பாளையங்கோட்டை சொல்லித்தான் தெரியணுமா?"

"இன்னும் முடிவு பண்ணல மதினி. எந்த இடம்னு…"

"இடம் என்ன இடம். நம்ம வீடு இருக்கு. ஏர்போர்ட்ல இருந்து ட்ரெய்ன்ல ரெண்டு மணி நேரம். மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. இன்விடேஷன் லெட்டர் நான் அனுப்புதேன், விசா சட்டுனு கெடைக்கும்."

"இல்ல மதினி, பறவை பாக்கலாம்னு…"

"பறவைக்கு என்ன, எங்க வீட்டுப் பின்னால வாத்து வருது."

"யார்க்‌ஷர்ல ஒரு கடற்கரைப் பாறை இருக்கு. அங்க போகலாம்னு பாத்தோம்."

"யார்க்‌ஷரா? அங்க ஸ்கார்பரோல என் ஜூனியர் ஒருத்தி இருக்கா, மகப்பேறு டாக்டர். அவகிட்ட சொல்லுதேன், அவ வீட்டுல தங்கிக்கிடுங்க."

"முதல்ல வேல்ஸ்ல ஒரு தீவு பாத்தோம்…"

"வேல்ஸ்ல என் கிளாஸ்மேட் எலும்பு டாக்டர். தீவுல மட்டும் யாரும் இல்ல. நம்ம ஆளுக அதுல மட்டும்தான் இன்னும் போஸ்டிங் வாங்கல." மதினியே தன் பேச்சுக்குச் சிரித்தார். பிறகு குரல் மாறியது. "சொந்தக்காரி வீடு இருக்கும்போது ரூம் எடுத்துத் தங்கினீகன்னா எங்க அம்மா என்னையத்தான் கேப்பா. என்ன சண்டைன்னு கேப்பா. பாத்துக்க."

சரி மதினி என்று சொல்லிவிட்டேன். உறவுக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. மதினி வீட்டில் இரண்டு மருத்துவர்கள்; மதினியும் அவர் கணவரும். பெரிய மருத்துவமனை மூன்று மைல். இதைவிடப் பத்திரமான இடத்தை இங்கிலாந்தில் தேடிப் பிடிக்க முடியாது. பக்கத்தில் சதுப்பு நிலம் உண்டு, அங்கே வேறு நல்ல பறவைகள் இருக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று கோடுகளிலும் மதினியின் முகவரியை எழுதினேன். பென்சிலால்தான்.

ஒரு வாரத்தில் அழைப்புக் கடிதம் வந்தது. அன்று மாலை பயணப் பட்டியல் போட்டேன். முதல் பொருளே தகராறு. மருந்துக் குழாயை மதினி வீட்டில் எங்கே வைப்பது? கைப்பையில் வைத்தால் மதினியின் பிள்ளைகள் சாக்லேட் தேடிக் குடைவார்கள். பெட்டியில் வைத்தால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. என் குளிர்காலக் காலுறைக்குள் அதைச் சுருட்டி வைத்து, அதைத் துண்டுக்குள் வைத்து, எத்தனை நொடியில் வெளியே எடுக்க முடிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணுத?"

"மதினி கண்ணுல படாம எடுக்கணும்ல."

"வலிப்பு வந்தா, மதினி கண்ணுல படாமலா வரும்?"

காலுறையை மறுபடி சுருட்டினேன்.

"டாக்டர் இருக்காங்கன்னுதான் அந்த வீட்டுக்குப் போறோம். டாக்டருக்குத் தெரியக் கூடாதுன்னு மருந்த சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வைக்கோம். நாம ரெண்டு பேரும் படிச்சவங்கன்னு வெளிய சொல்லிக்கிடக் கூடாது."

அவர் சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலுறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதினி வீட்டில் நாலு நாளும் நான் வாத்தைக்கூடப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தது. மகளின் நெற்றியைத் தொட்டுக்கொண்டு, மதினி அதைக் கவனிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு இருப்பேன். திரும்பி வந்ததும் அதே வட்டம், அதே குளம். வட்டத்தை விட்டு வெளியே வரத்தான் கேட்டேன். கேட்டு வாங்கியது இன்னொரு வட்டத்தை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மதினிக்குப் போன் செய்தேன். அது அவருடைய ஓய்வு நாள். கணவரிடம் சொல்லாமல் செய்தேன். சொன்னால் யோசிப்போம், யோசித்தால் தள்ளிப்போடுவேன். மகள் காலடியில் பருப்பு டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"மதினி, பாப்பாவுக்குப் போன நவம்பர்ல ஃபிட்ஸ் வந்துச்சு. காய்ச்சல்ல."

"எத்தனை நிமிஷம்?" என்றார் மதினி. குரலில் திருநெல்வேலி ஜங்ஷன் போய்விட்டது.

"மூணு."

"ரெண்டு பக்கமும் இழுத்துதா? அப்புறம் நல்லா முழிச்சுக்கிட்டாளா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். மதினி எல்லாம் சரிதான் என்றார். பிறகு, "சித்திக்குத் தெரியுமா?" என்று கேட்டார். என் மாமியாரைத்தான் சொன்னார்.

"தெரியாது."

"எங்க அம்மாவுக்கும் தெரியாது."

"அதான் மதினி, தெரிஞ்சா…"

"நான் உன் மகளைச் சொல்லல. என் மகனைச் சொல்லுதேன். அவனுக்கு மூணு தடவை வந்திருக்கு. இப்ப அவனுக்குப் பதினோரு வயசு, ஃபுட்பால் ஆடுதான். எங்க அம்மாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"நீங்க டாக்டர் மதினி," என்றேன் மடத்தனமாக.

"டாக்டர்தான். வாரத்துக்கு நாலு அம்மாமாருக்கு, இதுல ஒண்ணும் இல்ல, பயப்படாதீகன்னு சொல்லுதேன். எங்க அம்மாகிட்ட சொல்ல வாய் வரல. பத்து வருஷமா வரல." அப்புறம், "நீ முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே, "நான் மட்டும் சொன்னேனாக்கும்," என்றும் சொன்னார்.

பிறகு பழைய குரல் திரும்பியது. "சரி, இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீ ஒண்ணும் ஒளிக்க வேண்டாம். நிம்மதியா வந்து நாலு நாள் இரு."

இந்த இடத்தில் சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததற்காக இரண்டு நாள் என்னையே நான் திட்டிக்கொண்டதும் உண்டு.

"இல்ல மதினி. நாங்க பெம்டனுக்குத்தான் போறோம்."

"இவ்வளவு பேசினதுக்கு அப்புறமுமா?"

"உங்க வீட்டுக்கு வந்தா, நீங்க இருக்கீங்கன்னு நாலு நாள் தைரியமா இருப்பேன். அஞ்சாவது நாள் இங்க யார் இருக்கா? எனக்கு ஆள் இல்லாத இடத்துல இருந்து பாக்கணும் மதினி."

காலடிக்கு உருண்டு வந்த பருப்பு டப்பாவை மகளிடம் தள்ளிவிட்டேன்.

"கோவமா மதினி?"

"கோவம்தான். பின்ன இல்லாம?" என்றார். "யார்க்‌ஷர் போகணும்னா பீட்டர்பரோல ட்ரெய்ன் மாறணும்லா. எத்தனை மணிக்கு மாறுதீக?"

அன்று மாலை மூன்று கோடுகளிலும் பெம்டன் பெண்மணியின் முகவரியைப் பேனாவால் எழுதினேன். எழுதிய பிறகு, விசா அலுவலகத்தில் உறவினர் வீடு என்றிருந்தால் சுலபமாக இருந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. பேனாவில் எழுதியதை அழிக்க முடியாது என்பது அன்று உதவியாக இருந்தது. விசா கிடைத்தது.

பீட்டர்பரோ நிலையத்தில் எங்களுக்கு முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. மதினி நடைமேடையில் நின்றிருந்தார், இரண்டு பெரிய பைகளோடு. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, தயிர்சாதம். பெஞ்சில் பரப்பி எங்களைச் சாப்பிட வைத்தார். பக்கத்தில் நின்ற ஆங்கிலேயர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். மகள் ஒரு கையில் முட்டையோடு இருக்கும்போதே அவள் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார்.

"ஒரு நேரம் நம்ம கையால சாப்பிட்டுட்டீக. இனி எங்க அம்மா கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுவேன்," என்றார். ரயில் கிளம்பும்போது, என் கணவரிடம், "நீ என்னல, பறவைக்குப் பயந்தவன்லா நீ. சேவலப் பாத்து ஓடுன பய," என்று சொல்லிவிட்டுக் கையாட்டினார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் கடல் மூடுபனி. பாறை விளிம்பில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டோம். கீழே ஒரு பெரிய சந்தை நடப்பது போல் இரைச்சல். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. மீன் கழிவு நாற்றம் மட்டும் மேலே வந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சனிக்கிழமை காலை வானம் வெளுத்திருந்தது. மகளுக்குக் காய்ச்சல். முப்பத்தெட்டரை டிகிரி; ஊர்க் கணக்கில் நூற்றொன்றுக்கு மேல்.

ஜன்னல் வழியாக வெயில் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. மருந்து கொடுத்தோம். மதினியைக் கூப்பிட்டோம், சளிக்காய்ச்சலாகத்தான் இருக்கும், தண்ணீர் கொடு, மேல்சட்டையைக் கழற்று, மூச்சுத் திணறினாலோ கழுத்து விறைத்தாலோ மருத்துவமனைக்குப் போ, இல்லாவிட்டால் தூங்கட்டும் என்றார். மகள் அப்பாவின் மடியில் படுத்துக்கொண்டு, வீட்டுக்காரப் பெண்மணி தந்த டோஸ்ட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை எங்களுக்குத் திரும்பும் ரயில்.

"நீ போயிட்டு வா," என்றார் கணவர்.

"இப்பவா?"

"இதுக்குத்தானே வந்தோம். நான் இருக்கேன்ல."

"வந்துச்சுன்னா?"

"ஒருக்களிச்சுப் படுக்கப் போடணும். வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. நேரம் பாக்கணும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா குழாய்." கையை நீட்டினார். "குழாயக் குடு."

ஏழு மாதத்தில் முதல் தடவையாக அதை என் பையிலிருந்து எடுத்து வேறொருவர் கையில் கொடுத்தேன். அவரும் அவளைப் பெற்றவர்தான் என்பது எனக்கு அந்தக் கணம் வரை சரியாக நினைவில் இருந்ததாகச் சொல்ல முடியாது. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது மகள், "அம்மா டாட்டா," என்றாள்.

பாறைக்கு நடந்து போக இருபத்தைந்து நிமிடம். இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஒற்றைச் சாலை. முதல் வளைவில் திரும்பி வீட்டைப் பார்த்தேன். இரண்டாவது வளைவில் திரும்பிப் பத்தடி நடந்தேவிட்டேன். சாலையின் நடுவில் நின்றேன். திரும்பிப் போனால் அவளுக்குக் காய்ச்சல் குறையப் போவதில்லை. நான் பக்கத்தில் இருந்தபோதுதான் அந்தக் கடையில் அது வந்தது. நான் இருந்து தடுத்துவிடவில்லை. மறுபடி கடலைப் பார்த்துத் திரும்பினேன்.

பாறை முழுவதும் வெள்ளையாக இருந்தது, பாதி சுண்ணாம்பு, பாதி பறவை. பெரிய வெள்ளைப் பறவைகள் இறக்கை நுனியில் கறுப்போடு என் முகத்துக்கு நேரே மிதந்து போயின. கறுப்பு வெள்ளையாக நிமிர்ந்து நிற்கும் பறவைகள் கையகல விளிம்புகளில் தோளோடு தோள் நெருக்கி நின்றன. எத்தனை வெறும் நிலம் இருக்க, முட்டையை அந்த விளிம்பில் வைக்கின்றன. வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், எதைத் தேடுகிறேன் என்று கேட்காமலே கையை நீட்டிக் கீழே ஒரு பிளவைக் காட்டினார்.

அது அங்கே நின்றுகொண்டிருந்தது. நான் நினைத்ததில் பாதி அளவுகூட இல்லை, ஒரு புறா அளவு. அலகில் மீன் எதுவும் இல்லை. கடலைப் பார்க்காமல் பாறையைப் பார்த்து நின்று, யாரோ திட்டிவிட்டது போல் கழுத்தை உள்ளே இழுத்து வைத்திருந்தது.

பையில் போன் அடித்தது. அவசரமாக எடுக்கப் போனதில் பைனாகுலர் வேலிக்கம்பியில் மோதியது. மதினி.

"பிள்ள எப்படி இருக்கா?"

"தெரியல மதினி."

"தெரியலன்னா?"

"அவர் பாத்துக்கிறார். நான் இங்க பாறை மேல இருக்கேன்."

காற்றுச் சத்தமும் பறவை இரைச்சலும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அப்ப பாரு," என்றார். "என்கிட்ட என்னத்துக்குப் பேசிக்கிட்டு நிக்க."

போனைப் பையில் போட்டுவிட்டு மறுபடி பார்த்தேன். அது இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றது. அது திரும்பும் வரை நிற்பது என்று வேலியில் சாய்ந்துகொண்டேன்.